கட்சியில் மேலே சீக்கிரம் வரும் காலம், கிளைக்கு ஏன் வருவதில்லை?

லத்தேரி பையன்:
அப்பா காட்பாடித் தொகுதியில் 27 வருடமாகக் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்பது வேண்டாம். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை விரித்து, இறந்தவர் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடிப்பார், பெங்களூர் போனவர் பெயருக்குப் பக்கத்தில் போன் நம்பர் எழுதுவார். இப்போது அவருக்குக் கண் சரியில்லை, அந்த வேலையை நான்தான் செய்கிறேன். போன கூட்டத்தில் "இனி என் பையன் பார்க்கட்டும்" என்றார். "பொறுங்க, காலம் வரும்" என்று ஒன்றியத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு 34 வயது. எவ்வளவு நாள் பொறுப்பது?

குடியாத்தம் ஆசிரியர்:
மேலே காத்திருப்பு குறைந்துகொண்டே வருகிறது தம்பி. ஸ்டாலின் எம்எல்ஏ ஆனது 1989, அமைச்சர் ஆனது 2006, துணை முதல்வர் ஆனது 2009, ஆக 20 வருடம். உதயநிதி எம்எல்ஏ ஆனது 2021, துணை முதல்வர் ஆனது 2024, மூன்றே வருடம். பாமகவிலோ 2022இல் அன்புமணி தலைவரானார், மூன்று வருடத்துக்குள் அப்பா ராமதாசுக்கும் மகனுக்கும் நடுவில் தொண்டன் எந்தப் பக்கம் நிற்பது என்று திண்டாடினான். கிளையில் மட்டும் அதே ஆள், அதே நாற்காலி.

காங்கேயநல்லூர்:
அண்ணே, கிளையைச் சாதாரணமாக நினைக்காதீங்க. 1971இலேயே காட்பாடியில் ஜெயித்தவர் துரைமுருகன், அவரே 2021இல் தபால் ஓட்டு வரைக்கும் இழுத்து 746 ஓட்டில்தான் கரையேறினார். 2019இல் அவர் மகன் கதிர் ஆனந்த் வேலூர் எம்பி ஆனது 8,141 ஓட்டில். 746 என்றால் எங்கள் ஊரில் இரண்டு மூன்று தெரு. தெருத் தெருவாக நடந்தவன் இல்லாமல் அது வருமா? அப்புறம் ஒன்று, கோபப்படாதீங்க. "என் பையன் பார்க்கட்டும்" என்று உங்கள் அப்பா சொன்னதும் வாரிசு கேட்பதுதானே?

லத்தேரி பையன்:
ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்தேன். சரிதான். எங்கள் கிளையிலேயே, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் ஒரு அக்கா எட்டு வருடமாக வீடு வீடாக வாக்காளர் சீட்டு கொடுக்கிறார், அவர் பெயரை யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் அப்பாவிடம் பேசினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு பெயரையும் வைத்து, உறுப்பினர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறோம். பட்டியலையும் சிவப்புப் பேனாவையும் இன்று சாயங்காலம் அந்த அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன்.