மோனோகிராஃபுக்குத் தமிழ்: வியாழனுக்குள் வேண்டும்

பெருந்துறை நூலகர், திங்கள் காலை

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு அவசரம். எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் இதுவரை எழுதிய புத்தகங்களை எல்லாம் ஒரே கூடத்தில் வைத்துக் கண்காட்சி நடத்துகிறோம். தமிழ், விலங்கியல், வணிகவியல், இயற்பியல் என்று எல்லாத் துறையும் உண்டு. கூடவே தமிழில் ஒரு பட்டியலும் அச்சாகிறது, வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதில் 'வகை' என்று ஒரு கட்டம். பாடநூல் சரி, மொழிபெயர்ப்பு சரி, மணிவிழா மலருக்கு 'மலர்' என்றே போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது இரண்டு இடத்தில். பல பேரிடம் கட்டுரை வாங்கி ஒருவர் பதிப்பித்தது ஒன்று, ஒரே பொருளை எடுத்து ஆழமாக ஆராய்ந்து எழுதுகிற மோனோகிராஃப் இன்னொன்று.

மேசை மேல் இப்போது மூன்று புத்தகம் கிடக்கிறது. விலங்கியல் சார் ஆனைமலை நத்தைகளைப் பற்றி எழுதியது 180 பக்கம், பாதிக்கு மேல் ஓட்டின் அளவுகள்தான். வரலாற்றுத் துறை அம்மா ஒரே ஒரு ஏரியின் கல்வெட்டுகளை வைத்து எழுதியது அடுத்தது. மூன்றாவது வணிகவியல், ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைப் பற்றி. மூன்றும் ஒரே ஜாதி என்று புரட்டினாலே தெரிகிறது, பெயர்தான் வாயில் வரவில்லை. பழைய பட்டியல்களில் 'தனிக்கட்டுரை', 'தனிவரைநூல்' என்று இருக்கிறது. பதினோரு வருடம் மழையில் நத்தை பொறுக்கிய மனுசனிடம் போய் உங்களுடையது தனிக்கட்டுரை என்று நான் சொல்ல மாட்டேன்.

வகை என்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையில் ஆசிரியர் தானே எழுதிய புத்தகத்துக்கு, உள்நாட்டுப் பதிப்பகம் என்றால் 10 மதிப்பெண், வெளிநாட்டுப் பதிப்பகம் என்றால் 12. பதிப்பாசிரியராக இருந்தால் 8, 10. மற்றவர் தொகுப்பில் ஓர் இயல் எழுதினால் 5. ஆகவே கட்டத்தில் என்ன போட்டாலும் யாராவது ஒருத்தர் என் மேசைக்கு வருவார்.

கோபி ஐயா, திங்கள் மதியம்

அம்மிணி, இதற்கு ஏன் இத்தனை கவலை. தொல்காப்பியர் செய்யுளியலில் நூலுக்கு இலக்கணம் சொல்லிவிட்டு அதன் உறுப்புகளை அடுக்குகிறார் பாருங்கள், 'ஒருபொருள் நுதலிய சூத்திரத் தானும்' என்று. ஒருபொருள் நுதலுதல், அதாவது ஒன்றையே பொருளாகக் கொள்ளுதல், மோனோகிராஃப் இதுவேதான். 'ஒருபொருள்நூல்' என்று போடுங்கள். பல பேர் எழுதியதற்கும் அங்கேயே சொல் இருக்கிறது, 'மூன்றுறுப்பு அடக்கிய பிண்டத் தானும்'. பிண்டம்.

கோவை மொழிபெயர்ப்பாளர், திங்கள் மதியம்

> பிண்டம்.

ஐயா, கண்காட்சி திறக்க வருகிறவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து, 'இயற்பியல் துறை, பிண்டம்' என்று படிக்க வைக்கலாமா? எங்கள் ஊரில் பிண்டம் எங்கே வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. பேரூர் ஆத்தங்கரைக்குத்தான் வழி கேட்பார்கள்.

தாராபுரம், திங்கள் இரவு

தொல்காப்பியர் ஒருபொருள் நுதலியது என்றது சூத்திரத்தை, நூலை அன்று. இதைக் கோபி ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே. என் முன்மொழிவு 'முத்தகம்'. 'முத்தகச் செய்யுள் தனிநின்று முடியும்' என்பது தண்டியலங்காரம். தானே நின்று தானே முடிவது. முத்து + அகம், சிப்பிக்குள் ஒற்றை முத்து. இதைவிட அழகான தமிழ் எங்கே கிடைக்கும்? 'புத்தகம்' என்று எழுதுகிறவர்கள் 'பொத்தகம்' என்று எழுதவும் பழகிக்கொள்ளலாம்.

கோபி ஐயா, செவ்வாய் விடிகாலை

தம்பி, முத்தகம் வடமொழி. முக்தகம். விடுபட்டது, தனித்து நிற்பது என்று பொருள். முத்துக்கும் சிப்பிக்கும் அதில் வேலை இல்லை. இந்தக் குழுவில் 'பேருந்து' என்பதை 'பஸ்' என்று எழுதியதற்கு மூன்று நாள் சண்டை பிடித்தவர் நீங்கள், இன்று சம்ஸ்கிருதத்தை மடியில் வைத்துத் தாலாட்டுகிறீர்கள்.

சூத்திரத்தைப் பற்றிச் சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஓத்து இருக்கிறது. 'நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது ஓத்தென மொழிப'. ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது! தொல்காப்பியத்திலும் உண்டு, நன்னூலிலும் உண்டு. பல பேர் எழுதிய தொகுப்புக்கு அடுத்த நூற்பாவே ஆயிற்று, 'ஒருநெறி இன்றி விரவிய பொருளால் பொதுமொழி தொடரின் அது படலம்'. கருத்தரங்குத் தொகுதிகளை இத்தனை துல்லியமாக யாரும் திட்டியதில்லை. நன்னூல் செய்த பவணந்தி வேறு நம் சீனாபுரத்துக்காரர். பெருந்துறைக்குப் பக்கத்து ஊர் அம்மிணி, உங்கள் பட்டியலில் அவர் சொல் ஏறினால் என்ன தப்பு?

திருப்பூர், செவ்வாய் காலை

பவணந்தி மைசூர்ப் பக்கம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் ஐயா, அவருடைய ஊராகச் சொல்லப்படும் சனகை எது என்பதில் இன்னும் இழுபறிதான். அது கிடக்கட்டும். 'ஓத்து' வேண்டாம். சென்னைக்காரன் எவனாவது இந்தப் பட்டியலைப் பார்த்தால் அதை வேறு விதமாக வாசிப்பான். இதற்கு மேல் விளக்கச் சொல்லாதீர்கள், குழுவில் பெண்கள் இருக்கிறார்கள்.

பொள்ளாச்சி, செவ்வாய் காலை

பெண்களுக்குப் புரிந்துவிட்டது, மேலே போங்க.

திருப்பூர், செவ்வாய் காலை

சரிங்க அக்கா. நான் பனியன் கம்பெனியில் துணி சோதிக்கிறவன், இலக்கணம் படித்தவன் இல்லை. ஆனால் நூல் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். எங்கள் ஊரில் 'நூல் விலை உயர்வு' என்று பேப்பரில் வந்தால் எவனும் புத்தகத்தை நினைப்பதில்லை. ஆனாலும் பவணந்தியே நூலைப் பஞ்சில் இருந்துதான் நூற்கிறார், 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக' என்று. சொல்தான் பஞ்சு, புலவன் நூற்கிற பெண், வாய் கை, மதி கதிர். அந்தக் கதிர் நம் மில்லில் ஓடுகிற ஸ்பிண்டில்தான். மில்லில் ஒரே இழையாக வருவதைச் சிங்கிள் என்போம், இரண்டைச் சேர்த்து முறுக்கினால் டபுள். ஆகவே மோனோகிராஃபுக்கு 'ஓரிழைநூல்', பலர் எழுதியதற்கு 'பல்லிழைநூல்'. கொங்கு நாட்டுக்காரன் வைத்த பெயர் என்று பார்த்தாலே தெரியும்.

கோபி ஐயா, செவ்வாய் காலை

அருமை அருமை. கோவையில் இருந்து ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' என்று அறிவியல் இதழ் நடத்தினாரே, அந்தக் கதிரும் சூரியக் கதிரா, நூற்கிற கதிரா என்று எனக்கு நெடுநாள் ஐயம். நூற்பாலை ஊரில் வைத்த பெயர் அல்லவா. 'பனுவல்' என்பதிலும் பன்னுதல் இருக்கிறது, பன்னுதல் என்றால் பஞ்சைப் பிரிப்பது, திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டும்...

(இதற்குக் கீழே ஐயா பன்னல், பன்னீர், பன்னாடை வரை போயிருந்தார். பன்னீருக்கும் பஞ்சுக்கும் என்ன ஒறம்பரை என்று தாராபுரம் கேட்க, அது தனி இழையாக நாற்பது மடலுக்கு ஓடியது. இங்கே விட்டுவிடுகிறேன். - பெருந்துறை)

பொள்ளாச்சி, செவ்வாய் மாலை

நான் தாவரவியல் நடத்துகிறவள். நீங்கள் எல்லாரும் 'மோனோ' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டில் செடி கொடி, பூச்சி புழு ஆராய்ந்தவர்களிடம் பிறந்தது. ஒரு பேரினத்தை எடுத்தால் அது உலகத்தில் எங்கெங்கே முளைக்கிறதோ அத்தனையும் பார்த்து, பழைய பெயர்க் குழப்பத்தை எல்லாம் தீர்த்து எழுதுவது. ஓர் ஊரில், ஒரு மலையில் உள்ள செடிகளை எல்லாம் எழுதினால் அது ஃப்ளோரா, மோனோகிராஃப் ஆகாது. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத்து ஃப்ளோரா அந்த வகை.

கோவை லாலி ரோட்டில் தாவர ஆய்வுத் துறையின் உலர்செடிக் கூடம் இருக்கிறது. அங்கே ஒரு மாணவி நாள் முழுக்க ஒரே இனத்தின் காய்ந்த தாள்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் யாரோ ஒட்டிய சீட்டு, அதன் மேல் இன்னொருவர் பெயரைத் திருத்தி ஒட்டிய சீட்டு, அதற்கும் மேல் மூன்றாவது. உருப்பெருக்கியை வைத்து ஒரு மகரந்தப் பையின் மயிரை எண்ணிக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், இன்னும் ஏழு தாள் இருக்குங்க மேடம் என்றாள். அந்த வேலைக்குத்தான் பெயர் வேண்டும். அதில் முக்கியம் ஒன்று என்பதில்லை, துருவித் துருவிப் பார்ப்பது. 'துருவுநூல்' என்று வைக்கலாம்.

இன்னொன்று. ஆனைமலையில் மட்டும் எடுத்த நத்தைகள் என்றால் எங்கள் கணக்கில் அது மோனோகிராஃபே இல்லை.

கோவை மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் இரவு

துருவுநூல்! பொள்ளாச்சிக்காரர்கள் தேங்காயை எங்கே போனாலும் விடமாட்டீர்களா அக்கா.

கிண்டல் போக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்வழியில் பி.ஏ. முதலில் தொடங்கியதே நம் ஊர் அரசு கலைக் கல்லூரியில்தான், 1960இல். அதற்காகக் கல்லூரி ஆசிரியர்கள் எழுதிய தமிழ்ப் பாடநூல்கள் எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கின்றன, அப்பா படித்தவை. பொருளாதாரம், வரலாறு, உளவியல். பென்சிலால் ஓரத்தில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். சில சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, அதெல்லாம் படித்த உடனே புரிந்த சொல். எந்தெந்த இடத்தில் பென்சில் இல்லை என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தேவை, அளிப்பு, வழங்கல், கூலி. எல்லாம் வீட்டில் புழங்குகிற சொல்.

பெரியசாமித் தூரனை நினைத்துப் பாருங்கள். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசுக்காரர். அவர் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். களஞ்சியம் என்றால் என்ன என்று எந்த விவசாயிக்கும் அடிக்குறிப்பு போட வேண்டாம். முத்தகம், ஓத்து, துருவுநூல் மூன்றுக்கும் பென்சில் வேண்டும். என்னைக் கேட்டால் 'ஆய்வுநூல்' போதும். இல்லையா, 'மோனோகிராஃப்' என்றே போடுங்கள், பையன்கள் கூகிளில் தேட அதுதான் உதவும்.

தாராபுரம், புதன் காலை

'மோனோகிராஃப் என்றே போடுங்கள்' என்பதற்கு ஒரு குழு எதற்கு? ஆய்வுநூல் என்றால் ஆய்வேட்டில் இருந்து எப்படிப் பிரிப்பீர்கள்? பட்டத்துக்காக ஒப்பேற்றியதும் ஆய்வு, நத்தையும் ஆய்வு. முத்தகம் வடமொழி என்று நிறுவியதை நான் இன்னும் ஏற்கவில்லை. வேண்டுமானால் 'தனிவரைநூல்' என்பதற்கு இறங்கி வருகிறேன், அதுவாவது பழைய பட்டியலில் இருக்கிறது.

திருப்பூர், புதன் காலை

'வரை' என்றதும் எங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் வரைபடத்தாளா என்று கேட்டான். இலக்கணத்தில் வரைவு என்றால் கல்யாணம் வேறு. தனிவரை, தானே தாலி கட்டிக்கொண்டானாக்கும்.

ஈரோடு அச்சகம், புதன் மதியம்

பெரியவங்களுக்கு வணக்கம். அம்மா என்னையும் இந்தக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு இருக்கிறேன், பாதி புரிகிறது. நான் சொல்வது ஒன்றுதான். 'வகை' கட்டம் இரண்டரை சென்டிமீட்டர். தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்கிற இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. பத்துப் புள்ளி எழுத்தில் 'தனிவரைநூல்' போட்டால் 'நூல்' கீழே இறங்குகிறது. 'ஒருபொருள்நூல்' அப்படியே. வரிக்கு ஒன்று இறங்கினால் பக்கம் கூடி இன்னொரு ஃபாரம் போகும், காகிதச் செலவு யார் தருவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். 'தனிநூல்' உட்காருகிறது. 'ஆய்வுநூல்' உட்காருகிறது. 'தொகைநூல்' கொஞ்சம் நெருக்கினால் உட்காரும். 'பிண்டம்' தாராளமாக உட்காரும்.

கோபி ஐயா, புதன் மாலை

கடைசி வரியை ரசித்தேன். தனி × தொகை நல்ல இணைதான். தனிப்பாடல், தொகைநூல் என்று காது பழகியது. இருந்தாலும் தனிநூல் என்றால் எது தனியில்லை? தொலைபேசி விவரத்திரட்டும் தனி நூல்தானே. நான் எதிர்க்கவில்லை, குறித்து வைக்கிறேன்.

பெருந்துறை நூலகர், புதன் இரவு

மணி பத்தரை. ஆய்வுநூலுக்கு இரண்டு பேர், தனிநூலுக்கு நான்கு பேர், அதில் அச்சகத் தம்பியும் ஒருத்தர். முத்தகத்துக்கு ஒருத்தர், யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சி அக்கா யாருக்கும் போடவில்லை. தனிநூல், தொகைநூல் என்றே அனுப்பிவிடுகிறேன். முன்பக்கத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன்: ஒரே பொருளைப் பற்றிச் சொந்த ஆய்வில் எழுதிய நூல்.

தாராபுரம், புதன் இரவு

என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும்.

பெருந்துறை நூலகர், வியாழன் மதியம்

புரூஃபைத் துறைகளுக்குக் காட்டினேன். விலங்கியல் சார் முதல் ஆளாக வந்துவிட்டார். "தனிநூல்னு போட்டிருக்கீங்களே, அப்ப நான் தனியா எழுதினதுன்னு ஆயிடாதுங்களா?" என்கிறார். அட்டையைத் திருப்பிக் காட்டினார், இரண்டு பெயர். கூட எழுதினவர் அவருடைய பழைய மாணவர், இப்போது வால்பாறையில் வேலை. அந்தப் பையன் பார்த்தால் மனசு வருத்தப்படுவான், மார்க்கு வேறு அதைப் பொறுத்த சமாச்சாரம் என்று நின்றுகொண்டே இருக்கிறார். முன்பக்க விளக்கத்தைக் காட்டினேன். முன்பக்கத்தை யார் அம்மா படிக்கிறார்கள் என்கிறார், அதுவும் நியாயம்தான். என்ன செய்யட்டும்?

திருப்பூர், வியாழன் மதியம்

டபுள் நூல்.

ஈரோடு அச்சகம், வியாழன் மதியம்

அஞ்சு மணிக்குப் பிளேட் போட்டுருவேனுங்க. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் என்ன போடறதுன்னு சொல்லிருங்க, இல்லீன்னா வெறுமையா விட்டர்றேன்.