புதுப்பிப்பு: சராசரி வேகம் 50 இல்லை, 48தான். மகளுக்குப் புரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? எட்டாவது படிக்கும் என் மகள் 50 என்றே பிடிவாதமாக இருந்தாள். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது மஞ்சக்குப்பத்தில் டியூஷன் எடுக்கும் அக்கா சொன்ன வழி: "சூத்திரத்தை மூடி வைங்க, தூரத்துக்கு ஒரு எண் கொடுங்க." 24 கி.மீ. என்று வைத்தோம். போக 36 நிமிடம், வர 24 நிமிடம். மொத்தம் 48 கி.மீ., சரியாக ஒரு மணி நேரம். "மெதுவா போனப்போதான் ரோட்டுல அதிக நேரம் இருந்திருக்கோம்!" என்று அவளே சொன்னாள். தூரத்தை 120 ஆக்கியும் பார்த்தாள், அதே 48.

2xy/(x+y) சூத்திரமும் (x, y என்பவை போன, வந்த வேகங்கள்) சரிதான். ஆனால் பாதி நேரம் 40, பாதி நேரம் 60 என்று வரும் கணக்கிலும் அதையே போட்டுவிட்டாள். அங்கே விடை 50. தூரம் சமமா, நேரம் சமமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: 1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று எழுதி வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் 60 கி.மீ. போனால் வேகம் என்ன என்பதற்கு 60-ஐ 1.20-ஆல் வகுத்து 50 என்று வந்தது, உண்மையில் 45. பல கணக்குகள் தப்பானதற்கு இதுதான் காரணம். இப்போது எல்லாவற்றையும் முதலில் நிமிடமாக்கிக்கொள்கிறாள்.