பொருள்: ‘எக்கலாஜிக்கல் வேலிடிட்டி’ – தமிழில் எப்படிச் சொல்வது?

திருநகரிலிருந்து:

அன்புடையீர், மருத்துவ நரம்பு உளவியல் பயிலும் முதுநிலை மாணவர்களுக்காக, மெய்நிகர் கருவிகளை மதிப்பிடுவது குறித்த கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு சோதனை அளக்க வேண்டியதை அளக்கிறதா என்பதைக் குறிக்கும் ‘வேலிடிட்டி’க்கு ‘ஏற்புடைமை’ கல்வியியல் நூல்களில் ஊன்றிவிட்ட சொல், இடறுவது ‘எக்கலாஜிக்கல்’ என்ற முன்சொல்தான். அட்டைகளை வகைப்படுத்தும் விஸ்கான்சின் சோதனையில் குறையின்றித் தேறும் ஒருவர், வீட்டில் நாலு வேலைகளை வரிசைப்படுத்திச் செய்ய முடியாமல் திணறக்கூடும். நரம்பு உளவியலாளர்களான ஷாலிசும் பர்கெசும் மூளையின் நெற்றிமடல் பாதிப்புற்றவர்களை மெய்யான கடைத்தெருவுக்கே அனுப்பிச் சோதித்து 1991-இல் எழுதியது இதைக் கருதித்தான். அந்தக் கடைத்தெருவைத் தலையில் மாட்டும் கருவிக்குள் கொண்டுவந்துவிட்டதாக இன்று மென்பொருள் செய்வோர் சொல்கிறார்கள். உள்ளே பெறும் மதிப்பெண் வெளியே வாழும் வாழ்வைக் காட்டுகிறதா என்று கேட்கும் அளவுகோலுக்குப் பெயர் என்ன? ‘சூழலியல் ஏற்புடைமை’ என்று எழுதியிருந்தோம். வகுப்பில் ஒரு மாணவர் அதை வைகை மாசுபடுவதைப் பற்றிய பாடம் என்று எண்ணிவிட்டார்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

ஐயா, சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியர் அகத்திணையியலில் புனைந்து கூறும் நாடக வழக்கு, உலகில் நடப்பதைக் கூறும் உலகியல் வழக்கு என இரண்டைக் கூறி, இரண்டும் இயைந்ததைப் புலனெறி வழக்கம் என்கிறார். கருவிக்குள் தெரியும் கடைத்தெரு நாடக வழக்கு. நோயாளி மறுநாள் நடக்கப்போகும் மாசி வீதி உலகியல் வழக்கு. ஆகவே ‘உலகியல் ஏற்புடைமை’ என்பதே தகும். அதோடு, கண்ணையும் செவியையும் ஆட்கொள்ளும் இந்தத் தொழில்நுட்பத்தையே ‘மெய்நிகர்’ என்பதைவிடப் ‘புலனெறி’ என்றழைப்பது பொருந்தாதா?

அண்ணாநகரிலிருந்து:

பொருந்தாது, ஐயா. அங்கே புலனெறி என்பது செய்யுள் மரபு, ஐம்புலன் அன்று. ‘உலகியல்’ என்றாலோ, என்னிடம் வரும் நோயாளிகளின் குடும்பத்தார் துறவுக்கு எதிரானது என்றே கொள்வார்கள். அவர்களுக்கு விளங்குவது ‘அன்றாடப் பொருத்தம்’.

இன்னொன்றையும் கையேட்டில் அழுத்திச் சொல்லுங்கள். ஃபிரான்சன், வில்ஹெல்ம் என்ற ஆய்வாளர்கள் 1996-இல் இக்கருத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: சோதனைப் பணி வாழ்க்கைப் பணியை ஒத்திருப்பது ஒன்று; அதன் மதிப்பெண் வாழ்க்கைச் செயல்பாட்டை முன்கூட்டிச் சொல்வது மற்றொன்று. புதுமண்டபத்தின் தூண்களைச் சிற்பம் பிசகாமல் வரைந்து காட்டும் மென்பொருள் எதையும் முன்கணிக்காமல் போகலாம். மெய்நிகர் மென்பொருளுக்கென 2019-இல் வெளிவந்த இருபது கேள்விகள் கொண்ட வினாநிரல் பயனர் அனுபவம், இயக்கமுறை, மென்பொருளுக்குள்ளேயே கிடைக்கும் உதவி, குமட்டல் தலைசுற்றல் போன்ற உடல் தொல்லைகள் ஆகிய நான்கையே அளக்கிறது. அதில் 140-க்கு 120 பெற்ற கருவியும் நம் கேள்விக்கு விடை சொல்லியதாகாது. விற்க வருபவர்கள் ஒத்திருப்பதையும் முன்கணிப்பதையும் குழப்புவதால்தான், தோற்ற ஒப்புமையை நினைவூட்டாத சொல்லாகக் கேட்கிறேன்.

மேலூரிலிருந்து:

‘பொருத்தம்’ என்றதும் சோதிடர் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது, அம்மா. உள்ளடக்க ஏற்புடைமை, முன்கணிப்பு ஏற்புடைமை என்று வரும் வரிசையை இந்த ஒன்றுக்காகக் குலைப்பது முறையன்று. மேலும், ‘எக்கலாஜிக்கல் வேலிடிட்டி’ என்ற தொடரை முதலில் ஆண்ட உளவியலாளர் புருன்ஸ்விக், புலனுக்குக் கிடைக்கும் ஒரு குறிப்பு புறப்பொருளின் நிலையோடு எந்த அளவு இணைந்து மாறுகிறது என்பதையே அதனால் குறித்தார். அந்தப் பொருளுக்குச் ‘சூழல்சார் ஏற்புடைமை’ வேண்டியிருக்கும். ‘இயல்’ ஒட்டியதால்தான் மாணவர் ஆற்றுக்குப் போனார். அதை நீக்கினால் தீர்ந்தது.

திருநகரிலிருந்து:

நாள் நெருங்கிவிட்டதால் ‘அன்றாட ஏற்புடைமை’ என்று அச்சிடுகிறோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டோ, சலித்தோ தலையசைத்துள்ளனர். உட்பிரிவுகள் ‘பணி ஒப்புமை’, ‘வாழ்வு முன்கணிப்பு’ என நிற்கும். புருன்ஸ்விக்கின் கருத்து தனிப் பத்தியில் ‘சூழல்சார்’ என்று வரும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

அச்சு வேலையைத் தடுக்கமாட்டேன், ஆனால் உடன்படவில்லை. தன் தெருவில் நாள்தோறும் பிழையின்றிப் போய்வரும் ஒருவர், சித்திரைத் திருவிழா நெரிசலில் வழிதவறி, பேருந்து நிறுத்தம் எது என்று கேட்கவும் தோன்றாமல் நிற்கலாம். அந்த நெரிசலைக் கருவிக்குள் அமைத்துச் சோதிப்பது இத்துறைக்கு மிகவும் வேண்டிய பணி. ஆண்டுக்கொருமுறை வரும் அது ‘அன்றாட’த்துக்குள் எப்படி அடங்கும்? ‘உலகியல்’ அதற்கும் இடங்கொடுக்கும். அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.