பவளமும் இறாலும் இருக்கிற கடல்மீன் தொட்டியில் காப்பர் மருந்து விடலாமா?

ஹஸ்தம்பட்டி_ரீஃப்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கிட்டத்தட்ட 200 லிட்டர். உள்ளே லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கிற பவளப் பாறை), பவள மணல், ஒரு கிளீனர் இறால், நாலைந்து டர்போ நத்தை, கொஞ்சம் ஜோயாந்தஸ் பவளம். மீன் என்று பார்த்தால் இரண்டு கிளவுன், போன வாரம் சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைத்த ஒரு புளூ டேங். அந்தப் புளூ டேங் மேல்தான் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள், முதலில் துடுப்பில் இருந்தது, இப்போது உடம்பெல்லாம். பாறையில் போய்ப் போய் உரசுகிறது, ஆனால் தீனி நன்றாக எடுக்கிறது. இன்று காலை கிளவுன் ஒன்றின் வாலிலும் ஒரு புள்ளி பார்த்தேன்.

கடையில் கேட்டால், காப்பர் மருந்தை நேராகத் தொட்டியிலேயே விடுங்கள், பவளம் இருப்பதால் பாதி டோஸ் போதும், நாலு நாளில் புள்ளி உதிர்ந்துவிடும் என்கிறார்கள். பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. பாதி டோஸ் என்றால் இறாலுக்கு ஒன்றும் ஆகாதா? அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம்_சம்ப்

தம்பி, அந்தப் பாட்டிலை அப்படியே வையுங்கள், பெரிய தொட்டிக்குள் ஒரு சொட்டுகூட வேண்டாம். பாதி டோஸ் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒட்டுண்ணியைக் கொல்ல அது போதாது, இறாலையும் நத்தையையும் கொல்லத் தாராளமாகப் போதும். இறால், நத்தை இவற்றின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த ஒரு புரதம்தான், அதனால் செம்பு அவற்றுக்கு ஒத்துப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தண்ணீரில் கரைந்து நிற்கிற செம்பு செவுளைத் தாக்கும், மீனுக்குக் கொடுக்கிற மருந்தளவில் கால்வாசி இருந்தாலே இறால் தாங்காது. பவளமும் அனிமோனும் அப்படியே.

அடுத்தது பாறை. லைவ் ராக், பவள மணல் எல்லாம் சுண்ணாம்பு. செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காலையில் அளந்து விட்ட மருந்து சாயங்காலம் டெஸ்ட் பண்ணினால் குறைந்திருக்கும், சரி என்று இன்னும் கொஞ்சம் விடுவீர்கள், அதுவும் பாறைக்குள் போகும். அப்படி உள்ளே போனது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கசியலாம். என் உறவுக்காரர் ஒருவர் பழைய தொட்டியைப் பாறையோடு சேர்த்து வாங்கினார். மீன் எல்லாம் நன்றாக இருந்தது, நத்தை மட்டும் விட விடச் செத்தது. விற்றவரிடம் துருவிக் கேட்ட பிறகுதான் அதில் காப்பர் ஓடியிருந்தது தெரியவந்தது. மொத்தப் பாறையையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் அந்த ‘நாலு நாளில் புள்ளி உதிரும்’ கதை. உதிரும், மருந்தே விடாவிட்டாலும் உதிரும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது கடல் இக் என்கிற வெள்ளைப்புள்ளி நோய், காரணம் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. மீன் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் இருந்து தின்றுவிட்டு, தானாகவே கழன்று மணலிலும் பாறையிலும் போய் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பிரிந்து பெருகி, நூற்றுக்கணக்கில் குஞ்சாக வெளியே வந்து நீந்தி மறுபடி மீனைத் தேடும். காப்பர் கொல்வது இந்த நீந்துகிற குஞ்சை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் புள்ளி மறைந்த பிறகும் வாரக்கணக்கில் மருந்தளவு இறங்காமல் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. மீன் மூன்றையும் பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், புள்ளி இல்லாத கிளவுனையும் சேர்த்துத்தான். பெரிய தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் காலியாக ஓடட்டும். கூடுகள் 72 நாள் வரைகூடக் காத்திருந்து பொரித்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது, அதனால்தான் இந்தக் கணக்கு. இறால், நத்தை, ஜோயாந்தஸ் எல்லாம் உள்ளேயே இருக்கலாம், அவற்றின் உடம்பில் இந்த ஒட்டுண்ணி வளராது.

ஹஸ்தம்பட்டி_ரீஃப்

ரொம்ப நன்றி அண்ணா. 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் என்னென்ன வைக்க வேண்டும், எவ்வளவு அளவில் நிறுத்த வேண்டும்? கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் வாசம் வரும், பிரைம் போட்டுத்தான் பழக்கம்.

நீலத்துடுப்பு

பிரைமைக் காப்பரோடு சேர்க்காதீர்கள், இது முக்கியம். குளோரினையும் அம்மோனியாவையும் அடக்குகிற அந்த மாதிரி மருந்துகள் செம்பை இன்னும் விஷமான வடிவத்துக்கு மாற்றிவிடும், மீன் மொத்தமும் போய்விடலாம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலக்குங்கள். உப்பு கலக்கப் பிளாஸ்டிக் வாளிதான், செம்புக் குடம், பித்தளை அண்டா பக்கமே போகக் கூடாது.

தொட்டிக்குள் மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ளப் பி.வி.சி. குழாய் முட்டி இரண்டு மூன்று, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஹீட்டர், தெர்மாமீட்டர், அவ்வளவுதான். கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது செம்பை உறிஞ்சும். ஸ்பான்ஜ் பெரிய தொட்டியின் சம்பில், அதாவது தண்ணீரை வடிகட்டுகிற துணைத் தொட்டியில், ஊறியதாக இருந்தால் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா கூடவே வரும். புதிய ஸ்பான்ஜ் என்றால் அம்மோனியா ஏறும், தினமும் டெஸ்ட் பண்ணித் தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பரைக் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றினால் அளவு இறங்கிவிடும், அந்த நேரத்தில் வெளியே வந்த குஞ்சு தப்பித்துவிடும், நீங்கள் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டியிருக்கும்.

எவ்வளவு என்பது பாட்டிலைப் பொறுத்தது. சாதாரணக் காப்பர் சல்ஃபேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். குப்ரமைன் என்ற பிராண்ட் என்றால் 0.5. சிலேட் செய்த, அதாவது செம்பை வேறொரு வேதிப்பொருளோடு கட்டிவைத்த, காப்பர் பவர் மாதிரி மருந்து என்றால் 2-க்கு மேல். ஒன்றின் எண்ணை வைத்து இன்னொன்றை விட்டால் பத்து மடங்கு வித்தியாசம், அதனால் லேபிளைப் படித்துவிட்டு எந்த வகை என்று இங்கே எழுதுங்கள். டெஸ்ட் கிட்டும் அந்த வகையைக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், சில கிட் சிலேட் காப்பரைச் சரியாகக் காட்டாது. கிட் கையில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். அளவை ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றுங்கள். தீனியை விட்டுவிட்டால் அதுதான் முதல் எச்சரிக்கை, உடனே அளந்து பாருங்கள்.

வெயில் நாளில் நம் ஊரில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ஆக்சிஜன் குறையும். இந்த மீனுக்குச் செவுளில் ஏற்கெனவே ஒட்டுண்ணி, அதோடு செம்பும் சேர்கிறது. கரண்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கண்டிப்பாக வாங்கி வையுங்கள்.

ஏற்காடு_காப்பிக்காடு

இடையில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். எங்கள் எஸ்டேட்டில் காப்பிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்து அடிக்க மயில்துத்தம் மூட்டையாகவே இருக்கிறது. அதுவும் காப்பர் சல்ஃபேட்தானே, தனித் தொட்டியில் அதையே கரைத்து விட்டால் என்ன? என்னிடமும் ஒரு சின்ன உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

சூரமங்கலம்_சம்ப்

கணக்குப் போட்டுப் பாருங்கள். மயில்துத்தத்தில் எடையில் கால்வாசிதான் செம்பு. 60 லிட்டருக்கு 0.2 அளவு வேண்டுமென்றால் 12 மில்லிகிராம் செம்பு, அதாவது சுமார் 47 மில்லிகிராம் துத்தம். ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைத் தராசு 10 மில்லிகிராம் படியில் காட்டும் என்று வைத்தாலும், ஒரு படி பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு பிசகு. சில கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்து சொட்டுச் சொட்டாக எடுக்கலாம்தான், ஆனால் மூட்டையில் வருவது வயலுக்கான சரக்கு, கூட வேறு என்ன உலோகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம். மருந்து அடிக்கிற சீசனில் கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள், கலவை கலக்கிய கையோடும் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

நீலத்துடுப்பு

காப்பரே வேண்டாம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முழுக்கக் காய்ந்த வேறொரு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போவது, நாலு தடவை. உப்பு அடர்த்தியை 1.009-க்கு இறக்கி ஒரு மாதம் பிடிப்பது இன்னொன்று, அதற்கு உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும், காப்பரோடு சேர்த்துச் செய்யவே கூடாது. ஏற்காட்டில் இருப்பவர் ஹீட்டரை 27-ல் நிறுத்துங்கள், குளிரில் ஒட்டுண்ணியின் சுழற்சியும் மெதுவாகும், நாள் கணக்கு எல்லாம் தப்பாகும்.

ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள் தம்பி. புள்ளி தனித்தனியாகத் தெரியாமல் உடம்பு முழுக்க நைஸான தூசி படிந்த மாதிரி இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்கிற வேறொரு ஒட்டுண்ணி நோய். அதற்கு உப்பைக் குறைப்பது வேலை செய்யாது, ஒன்றிரண்டு நாளில் மீனையே முடித்துவிடும். அப்போது யோசிக்க நேரமில்லை, தனித் தொட்டியில் காப்பர்தான்.

ஹஸ்தம்பட்டி_ரீஃப்

புள்ளி தனித்தனியாகத்தான் இருக்கிறது அக்கா, மூச்சும் சாதாரணமாக இருக்கிறது. லேபிளில் சிலேட் என்றுதான் போட்டிருக்கிறது. டெஸ்ட் கிட் ஆர்டர் போட்டுவிட்டேன், அது வரும்வரை 60 லிட்டரில் மருந்து இல்லாமல் ஏர் மட்டும் வைத்து மீனை மாற்றிவிடுகிறேன். சிகிச்சை முடிந்த பிறகு அந்தத் தொட்டியை இறாலுக்குப் பயன்படுத்தலாமா?

சூரமங்கலம்_சம்ப்

வேண்டாம். அதை மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஸ்பான்ஜ், வலை, குழாய் முட்டி எல்லாவற்றையும் தனி டப்பாவில் போட்டு மார்க்கரில் ‘காப்பர்’ என்று எழுதி வையுங்கள். இனிமேல் வாங்குகிற மீன் எதுவும் முதலில் அந்தத் தொட்டியில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் பெரிய தொட்டிக்குப் போகட்டும். கிட் வந்ததும் முதல் ரீடிங்கை இங்கே போடுங்கள்.