டிடபிள்யூஜி ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது, உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வீட்டு பிளானை இன்ஜினியர் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட) ஃபைலாக வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார், என்னிடம் இருப்பதோ பழைய ஆட்டோகேட் 2010 வரைபட மென்பொருள், அதில் திறக்கவே இல்லை. நோட்பேடில் போட்டுப் பார்த்தேன், முதல் ஆறு எழுத்து ஏசி1032, அதாவது 2018 ஃபார்மேட். சரி என்று ஆன்லைன் வியூவரில் ஏற்றினால் படம் வந்தது, ஆனால் தமிழில் எழுதிய அறைப் பெயரெல்லாம் வெறும் கேள்விக்குறி. ஆட்டோகேட்டுக்கான எஸ்எச்எக்ஸ் எழுத்துரு இல்லாததாலா? ஒரு அறையின் அகலம் 3048 என்று பார்த்துப் பதறிவிட்டேன், அப்புறம்தான் அது மில்லிமீட்டர், பத்தடி என்று புரிந்தது. ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் 2010 ஃபார்மேட்டுக்கு மாற்றினால் அளவு, லேயர் (வரைபட அடுக்கு) எல்லாம் அப்படியே வருமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பிடிஎஃப் கேட்கலாம் என்றால் மனுஷன் ஃபோனையே எடுப்பதில்லை, திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.