சனிக்கிழமை பிள்ளையள் வெளியில

குழு: எங்கட வீடு (கனடா: ஸ்காபரோ, மார்க்கம், ஒட்டாவா)

நான்: எல்லாருக்கும் ஒரு விசயம். சனிக்கிழமை காலமை பத்தரைக்கு அஞ்சு பிள்ளையளையும் நான் கூட்டிக்கொண்டு போறன். முதல் பள்ளிக்குப் பின்னால இருக்கிற மேட்டில சறுக்கு. பிறகு ஸ்காபரோ சிவிக் சென்டருக்கு முன்னால, அல்பேர்ட் கெம்பல் ஸ்குவயர் ஐஸ் ஸ்கேற்றிங் றிங்க். அங்க காசு இல்ல. ஸ்னோ பாண்ட்ஸ், பூட்ஸ், ஹெல்மெட் ஆரிட்ட இருக்கு, ஆரிட்ட இல்ல எண்டு சொல்லுங்கோ.

சின்னண்ணா: 👍

பெரியம்மா: எந்தப் பள்ளி

அண்ணி: சின்னவனுக்குப் போன கிழமைதான் காய்ச்சல் விட்டது மச்சாள்

அம்மா: 🎤 0:52

தம்பி: வேலையில நிக்கிறன், கேக்கேலாது. அம்மா என்ன சொல்லுறா?

பெரியண்ணா: குளிருக்க கொண்டுபோய் நெஞ்சில சளி கட்டினா ஆர் பாக்கிறதாம்

தம்பி: அதுக்கு 52 செக்கனோ

பெரியண்ணா: மிச்சம் முழங்கால்

நான்: அம்மா, தடிமன் கிருமியால வாறது. குளிரும் வறண்ட காத்தும் கிருமிக்கு வசதிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஒராளிட்ட இருந்து மற்றாளுக்குத் தொத்துறது யன்னல் பூட்டின அறைக்குள்ளதான் கூட. நாலு மாசம் அஞ்சு பிள்ளையளும் ஒரு சோஃபாவில ஒட்டிக்கொண்டு ஐபாட் பாத்தா ஒண்டுக்கு வந்தது அஞ்சுக்கும் வரும். நான் வேலை செய்யிற டேகெயாரில ஆறு மணித்தியாலத்துக்கு மேல நிக்கிற பிள்ளையளை நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் வெளியில விடவேணும். காலநிலை இடங்குடுத்தா விட்டே ஆகவேணும், ஒன்ராறியோ சட்டம் அது. ரெண்டு வயசுப் பிள்ளையள் கூட வருகினம்.

மாமா: வெயில் பட்டா விட்டமின் டி

நான்: இல்ல மாமா, கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் இங்க வெயில் சரிஞ்சு விழுறதால தோல் விட்டமின் டி செய்யாது. அதுக்குத் துளி மருந்தும் பாலும்தான். கண்ணுக்கு எண்டா சொல்லுங்கோ, ஓம். சின்னவனுக்குப் புரட்டாதியில கண்ணாடி போட்டது எல்லாருக்கும் தெரியும். தைவானில 2010இல இருந்து பள்ளிப் பிள்ளையளை நாளுக்கு 120 நிமிசம் வெளியில விடுற திட்டம் நடக்குது, கிட்டப்பார்வையைக் குறைக்கத்தான். வெளி வெளிச்சம் முகில் மூடின நாளிலயும் வீட்டு லைட்டை விடப் பல மடங்கு.

அண்ணி: கண் டொக்டரும் வெளியில விடச் சொன்னவர்

பெரியண்ணா: என்னட்டச் சொல்லேல்லையே

அண்ணி: சொன்னனான். நீங்கள் கிரிக்கெட் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்

பெரியம்மா: −20 எண்டு ரேடியோவில சொன்னது

நான்: அது வியாழன், பெரியம்மா. சனி −6. குளிர்காத்தோட −28க்கு இறங்கினா மூடாத தோல் 10 தொடக்கம் 30 நிமிசத்தில விறைக்கத் தொடங்கும். அண்டைக்கு நானே விடமாட்டன். −6 விளையாடுற குளிர். பொங்கலண்டைக்கு நீங்கள் ட்றைவ்வேயில நிண்டு பானை வைச்சு ஒண்டரை மணித்தியாலம் பொங்கினீங்கள். சேலைக்கு மேல ஜாக்கெட். அண்டைக்கு −9.

பெரியம்மா: அது சூரியனுக்கு

பெரியம்மா: பால் வடக்கால பொங்கினது, நல்ல சகுனம்

சின்னண்ணா: சக்கரை காணாது எண்டு ஆரோ சொன்னவை 😄

பெரியம்மா: ஆர்?

அம்மா: 🎤 0:31

பெரியண்ணா: சக்கரை சரியாத்தான் இருந்ததாம். பிள்ளையள் விழுந்து காலை உடைக்குங்களாம்

நான்: அம்மா, நீங்கள் விழுந்தது ஸ்னோவில இல்ல. ஐஸ் உருக உப்புப் போடாத படியில.

பெரியண்ணா: திரும்பவும் தொடங்காத

நான்: ஆரையும் சொல்லேல்ல

பெரியண்ணா: அண்டைக்கு உப்பு முடிஞ்சு போச்சு. ரெண்டு கடையில கேட்டனான்

அண்ணி: விடுங்கோ அதை

சின்னண்ணா: 1999 ஞாபகமிருக்கோ? நாங்கள் வந்து முதல் விண்டர். தையில ஸ்னோ கொட்டி ரொறொன்ரோ மேயர் ஆமியைக் கூப்பிட்டவர். ரீவியில ஆமி எண்டோடன அம்மா கதவைப் பூட்டி எங்களைக் கட்டிலுக்குக் கீழ போகச் சொன்னவ

பெரியண்ணா: மாமாதான் வந்து விளங்கப்படுத்தினவர், இந்த ஆமி ஸ்னோ அள்ள வந்ததெண்டு

மாமா: ஓம். ரெண்டு பஸ் மாறி வந்தனான்

சின்னண்ணா: பிறகு அம்மாவே வெளியில விட்டவ. பூட்ஸ் இல்ல, மேசுக்கு மேல பாண் பை சுத்தி றப்பர் பாண்ட் போட்டு. நாங்கள் பொழுதுபடும் வரை ஸ்னோவுக்க. அவ யன்னலால பாத்துக்கொண்டு நிண்டவ, கண்ணாடியில மூச்சுப் பட்ட புகையைக் கையால துடைச்சுத் துடைச்சு

நான்: எனக்கு அந்தக் கை ஞாபகமிருக்கு

தம்பி: எனக்கு ஆரும் இதைச் சொன்னதில்ல

பெரியண்ணா: நீ அப்ப பிறக்கேல்ல

தம்பி: இங்க ஐஸ் பிடிச்ச றீடோ கால்வாயை ஸ்கேற் பண்ணத் திறந்தாச்சு. 7.8 கிலோமீற்றர். பிள்ளையளை இங்க கொண்டுவாங்கோ

சின்னண்ணா: 2023இல திறக்கவேயில்லையே

தம்பி: அந்த விண்டர் ஐஸ் பிடிக்கேல்ல. தொடங்கின காலத்தில இருந்து அதுதான் முதல்தரம்

நான்: அதுதான் சொல்லுறன். ஸ்னோ இருக்கேக்க விடுங்கோ. எங்கட டேகெயாருக்குப் புதுசா வந்த ஒரு பிள்ளை, முதல் கிழமை முழுக்க வாசலில நிண்டு அழுதவள். ஒருநாள் மிட்டனைப் போட்டு, ஜாக்கெட் கையை அதுக்கு மேல இழுத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி ஸ்னோவில வைச்சன். ஸ்னோ நொறுங்கிற சத்தம் கேட்டு அழுகை நிண்டுது. தானே மற்றக் காலை வைச்சாள். பேந்து வேலியோரம் வரைக்கும் சத்தம் கேட்டுக் கேட்டு நடந்தவள். இப்ப உள்ளுக்கு வா எண்டா வாறாளில்ல.

அண்ணி: ❤️

நான்: உடுப்பு: உள்ளுக்குப் பருத்தி வேண்டாம், வேர்வையில நனைஞ்சா குளிரும். கம்பளி இல்லாட்டி பொலியெஸ்டர். விரல் பிரிஞ்ச குளவுஸை விட மிட்டன் சூடு. மிட்டன் ரெண்டு சோடி, ஒண்டு நனையும். சால்வை வேண்டாம், எங்கையும் சிக்கிக் கழுத்தை இறுக்கும், கழுத்துறை போடுங்கோ. காரில சீற் பெல்ட்டுக்குள்ள தடிச்ச ஜாக்கெட் வேண்டாம், மேல போத்துவம். ஹெல்மெட் ஹொக்கி ஹெல்மெட்.

சின்னண்ணா: இரட்டையருக்கு ஒரு ஸ்னோ பாண்ட்ஸ்தான் இருக்கு

நான்: என்ர மகளின்ர ஊதாப் பாண்ட்ஸ் உங்களிட்டத்தானே? ரெண்டு வருசமாச்சு

சின்னண்ணா: பேஸ்மெண்டில பாக்கிறன்

நான்: போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள்

பெரியம்மா: ரோல்ஸ் செய்து தரட்டோ

தம்பி: மீன் ரோல்ஸோ

பெரியம்மா: நீ ஒட்டாவாவில

அண்ணி: பெரியவள் வருவாள். சின்னவனை வெள்ளி இரவு பாத்துச் சொல்லுறன்

அம்மா: 🎤 0:07

பெரியண்ணா: தொப்பியைக் காதுக்கு மேல இழுத்துவிடட்டாம்

நான்: அம்மா, நீங்களும் வாங்கோ. காரை மேட்டடியில விடுறன், ஹீற்றர் போட்டு. உள்ளுக்க இருந்து பாக்கலாம்.

பெரியண்ணா: பாத்திட்டா, பதிலில்ல

பெரியம்மா: எந்தப் பள்ளி எண்டு கேட்டனான்