ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) பச்சைல இருக்கு, பிள்ளைக்கு வீசிங் வருது. எந்த எண்ணைப் பார்க்கணும்?

எர்ணாவூர்வாசி:
வடசென்னை எர்ணாவூர்ல இருக்கோம். 6 வயசுப் பையன், ஆஸ்துமா. தினமும் பியூடசனைடு (தடுப்பு மருந்து), இழுப்பு வந்தா சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து), ரெண்டும் ஸ்பேசர்ல (இன்ஹேலர்ல மாட்டுற பிளாஸ்டிக் குழல்). 'சமீர்' ஆப்ல ஏக்யூஐ 70, 80னு காட்டுற நாள்லகூட கந்தக நெடி அடிச்ச அரை மணியில இழுக்க ஆரம்பிக்குது. மீட்டர் தப்பா? ஏர் ப்யூரிஃபையர் வாங்கினா குறையுமா?

காற்றளவி:
மீட்டர்ல தப்பில்லை, சராசரிலதான் விஷயமே இருக்கு. ஏக்யூஐ-க்கு சல்ஃபர் டை ஆக்சைடை 24 மணி நேர சராசரியா எடுப்பாங்க. ஒரு மணி நேரம் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம், மீதி 23 மணி நேரம் 15னு வச்சுக்கோங்க. (400 + 345) ÷ 24 = 31. இந்திய வரம்பு 80, அதுல 40 வரைக்கும் 'நல்லது', அதனால இது பச்சைல விழும். ஆனா ஓடி விளையாடுற பிள்ளை வாயாலதான் மூச்சு வாங்கும். மூக்கு ஈரத்துல கரைஞ்சு நிக்க வேண்டிய வாயு நேரா உள்ளே போய், சில நிமிஷத்துல மூச்சுக்குழாயைச் சுருக்கிடும். உலக சுகாதார நிறுவனம் 10 நிமிஷத்துக்கு 500னு தனி வரம்பு வச்சிருக்கிறதும் இதுக்காகத்தான்.

நெடி அழுகின முட்டை மாதிரி இருந்தா அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஏக்யூஐ கணக்குல அது இல்லவே இல்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்துல மணலி நிலையத்தோட 15 நிமிஷத் தரவை இறக்குங்க. சல்ஃபர் டை ஆக்சைடு, காற்றுத் திசை ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. திசைன்னா காற்று எங்கிருந்து வருதுங்கிறது: 270 டிகிரின்னா மேற்கு, எர்ணாவூருக்கு அது மணலி ஆலைகள் பக்கம். 0-ஐ ஒட்டி இருந்தா வடக்கு, அத்திப்பட்டு அனல் மின் நிலையங்கள் பக்கம். புகை போற பாதையில நிலையம் இல்லைன்னா அதுல ஒண்ணுமே ஏறாது, இதையும் மனசுல வச்சுக்கோங்க.

குழந்தைகள்வார்டு_நர்ஸ்:
காற்றைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஸ்பேசரைப் பாருங்க சார். பாதிப் பேர் கழுவிட்டு உள்ளே துணியால துடைக்கிறாங்க. பிளாஸ்டிக்ல நிலை மின்சாரம் ஏறி மருந்து சுவர்லயே ஒட்டிக்கும். வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்டு ஊற வைங்க, துடைக்காம தானா காயட்டும். ஒவ்வொரு பஃபுக்கும் முன்னாடி குலுக்கணும். ரெண்டு பஃபைச் சேர்த்து அடிக்காதீங்க, ஒண்ணு அடிச்சு 5, 6 மூச்சு இழுத்ததும் அடுத்தது. பியூடசனைடு எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும், இல்லைன்னா நாக்குல வெள்ளை படியும்.

நெடி இல்லாத வாரம்னு பியூடசனைடை நிறுத்துறதுதான் பெரிய தப்பு. மூச்சுக்குழாய் வீக்கம் உள்ளே அப்படியே இருக்கும், அடுத்த நெடிக்கு உடனே இழுக்கும்.

இழுப்பு வந்தா எத்தனை பஃப், எப்போ திரும்பன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஸ்கூல்லயும் ஒரு பிரதி கொடுங்க. விலா எலும்புக்கு இடையில தோல் உள்வாங்கினா, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலைன்னா, உதடு நீலம் பாய்ஞ்சா காத்திருக்காம 108.

வடசென்னை_மெக்கானிக்:
என்95 மாஸ்க் மாட்டி விடுங்க, ஹெப்பா ஃபில்டர் ப்யூரிஃபையர் ஒண்ணு வாங்குங்க, தீர்ந்துது.

காற்றளவி:
@மெக்கானிக் அண்ணா, ரெண்டும் துகளுக்குத்தான், வாயு அப்படியே தாண்டிப் போயிடும். வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேணும், அதுவும் கிலோ கணக்குல. விளம்பரத்துல வர்ற கறுப்பு வலையில இருக்கிறது சில கிராம், சீக்கிரம் நிறைஞ்சிடும். சாம்பல் தூசுக்கு வேணும்னா வாங்கலாம்: 10×10×10 அடி அறைன்னா 28 கன மீட்டர், மணிக்கு 5 தடவை காற்று மாறணும்னா சி.ஏ.டி.ஆர் (மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தருதுங்கிற அளவு) குறைஞ்சது 140 கன மீட்டர் இருக்கணும். ஜன்னல் திறந்திருந்தா அந்தக் கணக்கே போச்சு. அதே அறையில கொசுவத்தி ஏத்திட்டு ப்யூரிஃபையர் ஓட்டுறவங்களும் உண்டு!

நெடி அடிக்கிறப்ப பிள்ளையை உள்ளே கூட்டிட்டு வந்து காற்று வர்ற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்க, ஓட்டம் வேண்டாம். காற்று திசை மாறினதும் எல்லாத்தையும் திறந்து விடுங்க. வாசல்ல படியிற சாம்பலைத் துடைப்பத்தால கூட்டாம ஈரத்துணியால துடைங்க.

குழந்தைகள்வார்டு_நர்ஸ்:
நெடி அடிச்ச நேரம், காற்றுத் திசை, எத்தனை பஃப் ஆச்சு, மூணையும் ஒரே நோட்டுல எழுதுங்க. பஃப் கணக்கு கூடினா டாக்டர் தடுப்பு மருந்து அளவை மாத்த அது உதவும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதுறப்பவும் அதையே இணைங்க. "அடிக்கடி நாத்தம்"னு எழுதின மனுவை வச்சு எந்த ஆலை, எந்த நேரம்னு யாரும் தேட மாட்டாங்க.